செலவை நினைத்துப் படிப்பைச் சுருக்காதே

அன்புள்ள கனிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் அம்மாச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். பனியன் கம்பெனியில் ஆர்டர் நன்றாக ஓடுகிறது, கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

போன வாரம் போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. “வெட்னரி எல்லாம் அஞ்சரை வருசம்மா, நமக்கு எதுக்கு? அறந்தாங்கியிலயே பி.எஸ்சி. சேர்ந்துக்கிறேன்” என்றாய். பி.எஸ்சி. படிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆசைப்பட்டுச் சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பேன். நீ செலவைக் கணக்குப் போட்டுச் சொன்னாய். போனில் மறுத்துப் பேசினால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பதால் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மார்க் இல்லாமல் நின்றுபோனவர்களைவிட, இருக்கிற சலுகை தெரியாமலும், தெரிந்தும் காகிதம் கையில் இல்லாமலும் நின்றுபோனவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த வரிசையில் என் மகள் நிற்கக் கூடாது.

முதலில் வெட்னரியைப் பற்றி. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவ இடங்களுக்கு நீட் மார்க் பார்ப்பதில்லை, ப்ளஸ் டூ மார்க்கைத்தான் பார்க்கிறார்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். அதோடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று மற்றவற்றுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நாங்கள் இருவரும் திருப்பூர் வந்தபோது உன்னை இங்கே ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கச் சொல்லி எத்தனை பேர் சொன்னார்கள், உனக்கே தெரியும். பள்ளியை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்று உனக்கு அந்த ஒதுக்கீட்டில் கேட்கும் உரிமை இருக்கிறது.

ஆனால் ஒன்று. அந்த இடம் அரசுக் கலந்தாய்வு வழியாகத்தான் கிடைக்கும். மே மாதம் ஆனால் “சீட் வாங்கித் தருகிறோம்” என்று ஊருக்குள் வருவார்கள். அவர்கள் சொல்வது மேனேஜ்மென்ட் சீட், அதில் இந்தச் சலுகை கிடையாது. யார் வந்து என்ன சொன்னாலும் அம்மாச்சியைக் கையெழுத்துப் போட விடாதே, ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்க விடாதே.

இந்த வருடம் உன் முன்னால் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இரண்டையும் அடுத்த வருடம் நீ நினைத்தாலும் எழுத முடியாது. ஒன்று, முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. இதை இப்போது எந்த வகுப்புக்கு நடத்துகிறார்கள் என்று முதலில் பள்ளியில் கேட்டுக்கொள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்; 500 மாணவர், 500 மாணவியர் என ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, இளங்கலை முடிக்கும் வரை வருடத்துக்கு 10,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்துதான் கேள்வி. பழைய புத்தகங்களை எடைக்குப் போட வேண்டாம் என்று அம்மாச்சியிடம் சொல்லியிருக்கிறேன், பரண் மேல்தான் இருக்கும், இறக்கிக்கொள். இன்னொன்று, ப்ளஸ் ஒன் படிக்கிறவர்களுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. இதில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம், ஆனால் பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கேட்பார்கள். திருக்குறளும் இலக்கணமும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, இதை நீ எழுதாமல் யார் எழுதுவது? விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். தலைமையாசிரியர் அறிவிப்பார் என்று காத்திருக்காதே, நீயே போய்த் தேதி கேள்.

ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள் என்பதால் உன் வகுப்பில் பாதிப் பேர் விளையாட்டாக இருக்கிறார்கள் என்றாய். நீ அப்படி இருந்துவிடாதே. கரிம வேதியியலின் அடிப்படை முழுக்க இந்த வருடப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அது புரியாமல் அடுத்த வருடம் ஹைட்ராக்சி சேர்மங்களையும் கார்பனைல் சேர்மங்களையும் மனப்பாடம் செய்து எவ்வளவு தூரம் போக முடியும்? வெட்னரிக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். உனக்கு உயிரியல் கைவந்துவிட்டது, வேதியியலுக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்கணும்.

இனி காகிதங்கள். போன மே மாதம் ஒரு சாயங்காலம் விசைத்தறியில் வேலை செய்யும் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் மையத்துக்கு வந்தார். நல்ல மார்க் எடுத்த பெண். மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் பின்னால் ‘தேவி’ சேர்த்து வேறு பெயர். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கவே இல்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அன்றைக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள், அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று நகர வேண்டும். கடைசித் தேதி இரண்டு நாளில். அந்தப் பெண் கவுண்டரின் கம்பியைப் பிடித்தபடி கணினித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன தட்டினாலும் அந்தத் திரையில் ஒன்றும் மாறப்போவதில்லை.

அதனால் இந்த அரையாண்டு விடுமுறைக்குள் உன் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாஸ்புக் நான்கிலும் பெயரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார். நம் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை, அதனால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு உனக்குத் தகுதி உண்டு. அதை இங்கிருந்தே நான் போட்டுவிடுகிறேன். வருமானச் சான்றிதழ் காலாவதியாகும் என்பதால் அதை மட்டும் அடுத்த வருடம் வாங்கலாம். நீ எட்டாவது வரை நடுநிலைப் பள்ளியிலும் அதற்குப் பிறகு மேல்நிலைப் பள்ளியிலும் படித்ததால், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று இரண்டு பள்ளியிலும் வாங்கணும். நடுநிலைப் பள்ளி ஹெச்.எம். மாறிப்போவதற்குள் ஒரு நடை போய்ப் பேசி வை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், 2022இலிருந்து கொடுக்கிறார்கள். ப்ளஸ் டூ மார்க்கை வைத்து மத்திய அரசும் ஓர் உதவித்தொகை தருகிறது, முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000. ஆனால் அதை வாங்கினால் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எது லாபம் என்று அப்போது சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று எவன் கூப்பிட்டாலும் வைத்துவிடு. எந்த அரசு அலுவலகமும் போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்காது.

வெட்னரி கிடைக்காமலே போனாலும் வழி அடைத்துவிடாது. வெட்னரி நடத்தும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலேயே ஓசூரில் கோழியினத் தொழில்நுட்பம், சென்னை பக்கம் கொடுவள்ளியில் உணவு, பால்வளத் தொழில்நுட்பம் எல்லாம் பி.டெக். படிப்பாக இருக்கின்றன. மீன்வளமும் வேளாண்மையும் இருக்கின்றன. அதற்கும் பிறகு நீ சொன்ன பி.எஸ்சி. அந்த வரிசையில் போவோம், கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

நம் கருப்பாடு குட்டி போட முடியாமல் கிடந்த ராத்திரி, நீ டார்ச் பிடித்துக்கொண்டு டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததையும், அவர் கையை எப்படி உள்ளே விட்டுக் குட்டியின் காலைத் திருப்பினார் என்று விடியும்வரை பேசியதையும் அம்மாச்சி இன்றைக்கும் சொல்கிறார். அப்படி ஒரு ஆசை உனக்குள் இருக்கும்போது பணத்தைக் காட்டி அதை நீயே மூடாதே. பணம் எங்கள் பொறுப்பு. சலுகை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கல்விக்கடன் இருக்கிறது, சம்பாதிக்க நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். விடுமுறைக்கு நீ வந்ததும் ஒரு நாள் லீவு போட்டு உன்னைக் கூட்டிப் போகிறேன். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் நீயே பேசிப் பார். வரும்போது பாஸ்புக்கை மறக்காமல் எடுத்து வா, கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று நான் பார்க்கணும்.

அன்புடன்,
அம்மா