நேற்று விடிகாலை நீ வந்திருந்தாய்

ஸ்ரீரங்கம்
ஞாயிறு காலை

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு மழை, முழங்கால் வலி, பேரன் வந்திருந்தான் என்று வரிசையாகக் காரணம் சொல்லலாம். உண்மையில் சோம்பல்தான். இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு மட்டும் உருப்படியான காரணம் இருக்கிறது. நேற்று விடிகாலை நீ என் கனவில் வந்தாய்.

பயப்படாதே, நல்லபடியாகத்தான் வந்தாய். முப்பது வயது ராஜு, தலை நிறைய முடி. ஓடுகிற ரயிலில், நாம் ராத்திரியெல்லாம் தபால் பிரித்த அந்தத் தபால் வண்டியில் நின்றுகொண்டு என்னிடம் ஒரு பையை நீட்டி, "எண்ணிக்கோ" என்றாய். பையைப் பிரித்தால் ஒரு தபால்கூட இல்லை. முழுக்கப் பனங்கிழங்கு! நானும் மறுபேச்சில்லாமல் எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் வாசலில் பால்காரர் மணி அடித்துவிட்டார்.

"எனக்கெல்லாம் கனவே வருவதில்லை, படுத்தால் கட்டைதான்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய் இல்லையா? நானும் அறுபத்தேழு வயது வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆடி மாதம் ஒருநாள் காலையில் கமலா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "ராத்திரி யாரைப் பார்த்து அப்படிக் கத்தினீங்க? வண்டி எடுத்துட்டான், பையை வாங்கு, பையை வாங்குன்னு" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ரிட்டையராகி ஏழு வருஷம் ஆகிறது. என் தலைக்குள் ராத்திரியில் இன்னும் ஒரு தபால் வண்டி செக்‌ஷன் ஓடுகிறது, அதில் நான் டூட்டி பார்க்கிறேன், அது பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அப்புறம்தான் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சிகாகோவில் அசெரின்ஸ்கி என்று ஓர் ஆராய்ச்சி மாணவர். தன்னுடைய எட்டு வயது மகனின் கண்ணோரம் மின்கம்பிகளை ஒட்டித் தூங்கவைத்திருக்கிறார். நடுராத்திரியில் அந்தப் பையனின் மூடிய கண்கள் இப்படியும் அப்படியும் ஓடுவதாகக் காகிதத்தில் முள் கிறுக்கித் தள்ளியிருக்கிறது. இயந்திரம் பழுது என்றுதான் முதலில் நினைத்தாராம். 1953இல் அவரும் அவருடைய பேராசிரியர் கிளைட்மனும் அதை வெளியிட்டார்கள். 1957இல் கிளைட்மனும் டிமென்ட் என்பவரும் இன்னொன்று செய்து பார்த்தார்கள். கண் ஓடுகிற நேரம் பார்த்து ஆட்களை எழுப்பினால் நூற்றுக்கு 80 தடவை கனவைச் சொல்கிறார்கள். மற்ற நேரத்தில் எழுப்பினால் 7 தடவைதான். ஆக, உனக்கும் ராத்திரிக்கு நாலைந்து காட்சி ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீதான் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு வருகிறாய்.

கிட்டத்தட்ட 90 நிமிஷத்துக்கு ஒருமுறை இந்தக் கனவுத் தூக்கம் வருகிறது. முதல் தடவை சில நிமிஷம்தான். விடிய விடிய நீண்டுகொண்டே போய், கடைசிச் சுற்று அரைமணி நேரம்கூட இருக்கும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, பலிக்கிறதோ இல்லையோ, கைக்குச் சிக்குவது அதுதான். நம் வேலையை நினைத்துப் பார். ராத்திரி முழுக்க வண்டியில் நின்று தபால் பிரித்துவிட்டு, பகலில் ரெஸ்ட் ஹவுஸில் நாலு மணி நேரம் படுப்போம். யாராவது தட்டி எழுப்பினால் துள்ளி எழுந்து ஓடுவோம். அந்தக் கடைசிச் சுற்றை நாம் முப்பது வருஷம் பார்த்ததே இல்லை.

சரி, வந்த கனவு ஏன் தங்குவதில்லை? நினைவை ஊன்றவைக்க உதவுகிற நார்அட்ரினலின் என்ற சுரப்பு அந்த நேரத்தில் மூளையில் ஏறக்குறைய நின்றுபோகிறதாம். ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டுத் தபாலை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதுதான். கண் விழித்த முதல் ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் எழுதிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் வந்ததற்கு அத்தாட்சியே கிடையாது.

நான் செய்வது பெரிய வித்தை எதுவும் இல்லை. படுக்கும்போது, காலையில் கனவோடு எழுந்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொள்வேன். தலைமாட்டில் போன வருஷத்து டைரியும் ஒரு பென்சிலும். விழிப்பு வந்ததும் அசையாமல், கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், கஷ்டமும் இதுதான். "இன்றைக்கு என்ன வேலை" என்று நினைத்தாயோ, போச்சு. கடைசியாக எங்கே இருந்தேன், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படு. சில நாள் அந்தப் பக்கத்தில் இருக்கும்! சிரிக்காதே, எனக்கு நடந்திருக்கிறது. போனைத் தொடவே கூடாது. யாரோ அனுப்பிய ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ முழுக் கனவையும் விழுங்கிவிடும்.

முதல் எட்டு நாள் டைரியில் "இல்லை, இல்லை" என்றுதான் இருக்கிறது. ஐந்தாம் நாள் மட்டும் "ஏதோ பயம்" என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் நாள் அரக்கு வந்தது. பைக்கு முத்திரை வைக்க உருக்குவோமே, அந்தச் சிவப்பு அரக்கு. அது என் விரலில் சொட்டியது, சுடவில்லை. அவ்வளவுதான் கனவு. அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதத்தில் நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது. பாதிக்கு மேல் வண்டியைத் தவறவிடுவதுதான். இரண்டு தடவை அப்பா வந்தார். ஒன்றும் பேசவில்லை, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் மூன்றாவது பொத்தான் எப்போதும் வேறு நிறத்தில் இருக்கும் என்பதை நான் நாற்பது வருஷமாக மறந்திருந்தேன்.

பிரான்ஸில் லியோன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். கனவு அடிக்கடி நினைவிருப்பவர்கள் ராத்திரியில் மொத்தமாக 30 நிமிஷம் போல விழித்திருக்கிறார்கள், மற்றவர்கள் 15 நிமிஷம்தானாம். நம் வயசில் இரண்டு தடவை பாத்ரூம் போக எழுந்திருப்பதைச் சாபம் என்று நினைத்திருந்தேன். இப்போது திரும்பி வந்து படுக்கும் முன்னால் இருட்டிலேயே ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் படுக்கிறேன். காலையில் பார்த்தால் வரிமேல் வரி ஏறிக் கிடக்கும். போன செவ்வாய்க்கிழமை "மாமா தேங்காய் கலெக்டர்" என்று இருந்தது. என்னவென்று இன்றுவரை விளங்கவில்லை.

ஐப்பசியில் எதிர்வீட்டுக் கல்யாணத்தில் ஆண்டாளின் வாரணமாயிரம் சேவித்தார்கள். எத்தனையோ தடவை கேட்டதுதான், அன்றைக்குத்தான் காதில் ஏறியது. யானைகள், தோரணம், மத்தளம், அம்மி மிதிப்பது என்று பத்துப் பாட்டுக்கு ஒரு கனவை ஒன்றுவிடாமல் சொல்கிறாள். ஒவ்வொன்றையும் "கனாக் கண்டேன் தோழீ நான்" என்று முடிக்கிறாள். எழுந்தவுடன் ஓடிப்போய்ச் சொல்ல ஆண்டாளுக்கு ஒரு தோழி இருந்திருக்கிறாள் என்று தோன்றியது. நம் வீடுகளில் கல்யாணக் கனவு ஆகாது, பாம்புக் கனவைச் சொல்லாதே, பல் விழுந்தால் வாயைத் திறக்காதே என்று அடக்கிவிடுவார்கள். சொல்லாத கனவு எப்படித் தங்கும்? இப்போது கமலா காபியோடு வந்து, "ம், சொல்லுங்க" என்கிறாள். பாதி நாள் அவளுடையது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்று அவளிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். கவுண்டரில் நின்றது, சில்லறைக்கு அலைந்தது எல்லாம் நினைவிருந்தது. ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்தபோதுதான் தெரிந்தது, கட்டியது கனவில். கனவுக்கென்று தனி டைரி வைத்துக்கொள்.

பலன் என்ன என்று மட்டும் என்னைக் கேட்காதே. பலன் புத்தகம் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன்.

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சின்னவளுக்குத் தென்காசிப் பக்கமே மாற்றல் கிடைத்ததா? இரண்டுக்கும் பதில் எழுது. பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னாயே, வா. வரும்போது பனங்கிழங்கு கொண்டுவா. பதினேழுக்குக் குறைந்தால் பையை வாங்க மாட்டேன்.

உன்,
சேது