கால் தூங்கவிட்டால்தானே கண் தூங்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் தூக்கமின்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அறையை இருட்டாக்குங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள், கண்ணை மூடி அசையாமல் படுத்து மூச்சைக் கவனியுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த 'அசையாமல் படுப்பது' ஒன்றைத்தான் பதினாறு ஆண்டுகளாக என்னால் செய்ய முடிந்ததில்லை. கட்டுரையை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். 'காலை நடைப்பயிற்சி' என்ற இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வரவே இல்லை.

நான் மதுரை செல்லூரில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். வயது 54. பகலில் என் கால்களைப் போல் சொன்ன பேச்சைக் கேட்கும் கால்கள் இந்தத் தெருவிலேயே இருக்காது. இரவு சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, பாயில் சாய்ந்து பத்து நிமிடம் ஆனதும் ஆரம்பித்துவிடும். அதை வலி என்று சொல்ல முடியாது. வலியாக இருந்தால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடலாம். கெண்டைக்கால் சதைக்குள், கை எட்டாத ஆழத்தில், பாபினில் சிக்கிய நூலை யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். காலை உதறினால் ஒரு கணம் விட்டுக்கொடுக்கும். எழுந்து நடந்தால் சுத்தமாக நின்றுவிடும். திரும்ப வந்து படுத்தால், முதலிலிருந்து. எங்கள் பக்கத்தில் இதற்குக் கால் குடைச்சல் என்று பெயர்.

என் அம்மாவுக்கும் இது இருந்தது. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்தவள். இரவில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னையும் அண்ணனையும் கெண்டைக்கால் மீது ஏறி நிற்கச் சொல்வாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கால். நூறு எண்ண வேண்டும். இறங்கப் போனால் "இன்னொரு நூறு" என்பாள். அண்ணன் எழுபதிலிருந்து தொண்ணூறுக்குத் தாவிவிடுவான், அம்மா கண்ணைத் திறக்காமலே "எண்பது எங்கே போனது?" என்று கேட்பாள். நாளெல்லாம் கொடிக்காலில் நின்றால் கால் குடையாதா என்று ஊரே சொன்னது. நாங்களும் நம்பினோம். நின்று அலுத்த கால் படுத்தால் ஆறிவிட வேண்டும். அம்மாவின் கால் படுத்த பிறகுதானே தொல்லை கொடுத்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான், என் கால் அதே கதையைத் தொடங்கும் வரை.

மகள் வயிற்றில் இருந்தபோது கடைசி இரண்டு மாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் பிரசவத்தோடு போய்விட்டது. 38 வயதில் திரும்பி வந்தது, வந்தது தங்கிவிட்டது. என் மாமியாருக்கு நான் பாயில் காலை உதறுவது பெரிய குற்றம். காலாட்டுகிற வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்பார். வீட்டில் காசு தங்காததற்கு என் கால்களே காரணம் என்று ஆயிற்று. உண்மையான காரணம் வேறொருவர். அது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம்.

இரவு ஒன்றரை, இரண்டு மணிக்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் என் தையல் மிஷின்தான். பெல்ட்டை மேல் சக்கரத்திலிருந்து நழுவ விட்டால் ஊசி ஓடாது, துணியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் மிதியை மிதித்துக்கொண்டே இருப்பேன். இருபது நிமிடம் மிதித்தால் அரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் "இராத்திரியிலும் ஆர்டரா அக்கா? தீபாவளிக்குக்கூட இப்படி ஓட்ட மாட்டீர்களே" என்று கேட்டாள். சுவர் வழியே சத்தம் போயிருக்கிறது. மகள் எத்தனையோ முறை மோட்டார் பொருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

பயணம் என்றால் இன்னும் கொடுமை. மகளைப் பார்க்கப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போவேன். திண்டுக்கல் தாண்டியதும் எல்லாரும் போர்த்திக்கொள்வார்கள். நான் ஒரு கழிவறைக் கதவிலிருந்து மறு கோடிக் கதவு வரை நடப்பேன். நள்ளிரவில் திருச்சி, அதற்குப் பின் விழுப்புரம் என்று நடந்தே போய்ச் சேர்வேன். டிக்கெட் பரிசோதகர் ஒருமுறை, பெட்டியைத் தொலைத்துவிட்டீர்களா அம்மா என்று கேட்டார்.

ஆண்டில் ஓர் இரவு மட்டும் எனக்கு இந்தக் குறை இருந்ததில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு. தல்லாகுளத்தில் ஊரே விழித்திருக்கும், ஊரே நடக்கும். ஏன் தூங்கவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். விடிய விடிய நின்றும் கால் ஒரு வார்த்தை பேசாது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார். ஒருவர் கால்சியம் எழுதினார். ஒருவர் 'வயதாகிறதல்லவா' என்றார். அப்போது எனக்கு 41. தூக்க மாத்திரையும் கிடைத்தது. கண் தூங்கியது, கால் தூங்கவில்லை; அரைத் தூக்கத்தில் எழுந்து நடந்து மிஷினில் முட்டி விழுந்தேன். புருவத்தில் மூன்று தையல். பிறருக்குத் தைத்தே பழகியவளுக்கு அது புதிதாக இருந்தது.

இதைவிட மோசமானது ஓர் ஐப்பசி மாத இரவு. சளி பிடித்து மூக்கு ஒழுகியதால் மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கி விழுங்கினேன். இன்றாவது மயக்கத்தில் தூங்குவோம் என்ற நப்பாசையும் இருந்தது. அன்று காலோடு கையும் சேர்ந்துகொண்டது. விடியும் வரை தெருவிலும் வாசலிலுமாக நடந்தேன். தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமின் வகைச் சளி மாத்திரைகள் இந்த நோயைக் கிளப்பிவிடும் என்று பின்னால்தான் தெரிந்தது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சிலவும் அப்படியே. தூக்கம் வரவில்லை என்றால் சளி மாத்திரை பாதி போடு என்று சொல்கிறவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கொடுத்த மருத்துவரிடம் சொல்லி மாற்றிக் கேட்க வேண்டும்.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில், என் மகள் வயதுள்ள ஒரு மருத்துவர் நான்கே கேள்விகள் கேட்டார். காலை அசைத்தே ஆக வேண்டும் போல் இருக்கிறதா? ஓய்வாக இருக்கும்போது வருகிறதா? நடந்தால் குறைகிறதா? மாலையிலும் இரவிலும் அதிகமா? நான்குக்கும் ஆமாம். கெண்டைக்கால் கல் போல இறுகி உயிர் போகும் குரக்குவலி இது இல்லை என்றார். சர்க்கரை நோயில் வரும் பாத எரிச்சலும் மதமதப்பும் வேறு, அவை நடந்தால் அடங்காது. சுருள் நரம்பு வேறு, அதன் கனம் காலை உயர்த்தி வைத்தால் குறையும். இந்த நோயைத் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672-லேயே எழுதி வைத்துவிட்டாராம். மங்கம்மாளின் கணவர் சொக்கநாத நாயக்கர் நம்மை ஆண்ட காலம் அது! 1945-ல் எக்போம் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் 'அமைதியற்ற கால்கள்' என்று பெயர் வைத்தார். இருவர் பெயரையும் சேர்த்து வில்லிஸ்-எக்போம் நோய் என்றும் சொல்கிறார்கள். என் அம்மா இந்தப் பெயர்களைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம் இனிமேல்தான். என்னிடம் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று இருந்தது. ஹீமோகுளோபின் 12.1. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 22. பக்கத்திலேயே '13 முதல் 150 வரை இயல்பு' என்று அச்சடித்திருந்தது. முன்பு பார்த்த மருத்துவர் அதை ஒரு நொடி பார்த்து, இரத்தமெல்லாம் நன்றாக இருக்கிறது, மனதைத்தான் அலட்டிக்கொள்கிறீர்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே தாளை இந்த இளம் மருத்துவர் வாங்கிப் பார்த்து, 22 என்ற எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். மற்றவர்களுக்கு இது போதும், உங்கள் காலுக்குப் போதாது என்றார். கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75-க்கு மேல் ஏறவில்லை என்றால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பதுதான் முறையாம்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஹீமோகுளோபின் என்பது மிஷினில் மாட்டியிருக்கும் நூல்கண்டு. ஃபெரிட்டின் என்பது அலமாரியில் உள்ள இருப்பு. மிஷினில் நூல் ஓடிக்கொண்டிருக்கும். அலமாரி காலியாகி இருக்கும். இந்த நோய்க்காரர்களுக்கு மூளைக்குப் போய்ச் சேரும் இரும்பு குறைவு, அதனால் டோபமைன் என்ற இரசாயனத்தின் வேலை குழம்புகிறது என்று விளக்கினார். மாதவிடாய் நிற்கும் முன் சில ஆண்டுகள் எனக்கு உதிரப்போக்கு அதிகம். அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு ஓர் இரும்பு மாத்திரை. அதற்கு முன்னும் பின்னும் டீ ஆகாது. இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. தையல்காரிக்கு டீ இல்லாமல் கை ஓடாது. நாளைக்கு ஐந்து குடிப்பேன். கர்ப்பகாலத்தில் கொடுத்த இரும்பு மாத்திரைகளை டீயோடு விழுங்கியவள் நான்! டீ இரும்பை உடம்பில் சேரவிடாது என்று தெரிந்தபோது என்னையே திட்டிக்கொண்டேன். இப்போது இரண்டு டீ, அதுவும் மதியத்துக்குள். மலம் கறுத்தது, கட்டியது. கொய்யாப்பழமும் கீரையும் அதைப் பார்த்துக்கொண்டன. மூன்று மாதத்தில் 22 என்பது 41 ஆயிற்று. எட்டாவது மாதம் 79. கால் அடங்கியது நான்காவது மாதத்தில். முழுவதும் போகவில்லை. வாரத்தில் ஓர் இரவு, சில வாரம் இரண்டு இரவு வருகிறது. மற்ற இரவுகளில் தூங்குகிறேன். மாத்திரை வயிற்றில் சேராதவர்களுக்கு இரும்பை ஊசி வழியாக இரத்த நாளத்தில் ஏற்றுவதும் உண்டு.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பரிசோதிக்காமல் யாரும் இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம். மிஞ்சிய இரும்பு கல்லீரலைக் கெடுக்கும். காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் உடம்பு சரியான பிறகு சோதிப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தக் குடைச்சல் அதிகம். அவர்கள் வழி வேறு, அதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எண்பதை விட்டுவிட்டு எண்ணிய என் அண்ணனுக்கும் இப்போது இதே நோய். அவருக்கு, டோபமைனைப் போல வேலை செய்யும் பிரமிபெக்ஸால் என்ற மாத்திரை கொடுத்தார்கள். முதல் இரவே குழந்தை போலத் தூங்கினார். இரண்டு ஆண்டுகள் போற்றிப் புகழ்ந்தார். பிறகு இரவு பத்து மணிக்கு வந்த குடைச்சல் மாலை நான்கு மணிக்கே வரத் தொடங்கியது; கைக்கும் ஏறியது. மாத்திரையைக் கூட்டக் கூட்ட நோயும் கூடியது. அந்த வகை மருந்துகளுக்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது. சிலருக்கு அளவில்லாமல் செலவு செய்யவும் சூதாடவும்கூட ஆசை வந்துவிடும். 2025-ல் வெளியான அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் வழிகாட்டுதல் அவற்றை வழக்கமாகக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்லி, இரும்பையும் கபாபென்டின், பிரெகாபலின் என்ற வேறு வகை மருந்துகளையும் முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறது. செவிலியராக இருக்கும் என் மகள் படித்துச் சொன்னாள். அண்ணன் மருந்தைத் திடீரென்று நிறுத்தவில்லை. மருத்துவர் சொன்னபடி சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டு வருகிறார். திடீரென்று விட்டால் அந்த இரவுகள் தாங்க முடியாதவை.

மாத்திரைக்கு வெளியே எனக்கு உதவுபவை சில. படுக்கும் முன் வெந்நீரில் கால், கெண்டைக்காலை நீட்டி இழுப்பது, சாயங்காலம் ஒரு நடை. மனம் லயிக்கும் வேலை இருந்தாலும் கால் சும்மா இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலையை வைத்துக்கொள்கிறேன். தொலைக்காட்சித் தொடருக்கு அந்தச் சக்தி கிடையாது. கதாநாயகி அழத் தொடங்கினாலே என் கால் எழுந்துவிடும்.

மாதம் ஒருமுறை எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண்மணி வருகிறார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார், நல்ல மனுஷி. இரவில் கால் தூங்கவிடுகிறதா என்ற ஒரு கேள்வியையும் அவர் நோட்டில் சேர்த்தால் என்ன? கேட்காவிட்டால் எங்கள் பெண்கள் சொல்ல மாட்டார்கள். இதெல்லாம் ஒரு நோயா என்று நானே எத்தனை ஆண்டுகள் இருந்தேன்!

தூக்கமின்மை பற்றி எழுதிய அந்த மருத்துவரையே கால் குடைச்சலைப் பற்றியும் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். அதுவரை இந்தக் கடிதத்தை வெளியிடுங்கள். நீளம் அதிகம் என்று தெரியும். இடம் போதவில்லை என்றால் மாமியாரை வெட்டிவிடுங்கள், ரயிலை வெட்டிவிடுங்கள், மனமில்லாவிட்டாலும் அழகரைக்கூட வெட்டிக்கொள்ளுங்கள். 75 என்ற எண்ணில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி, ஒரு தையல்காரி,
செல்லூர், மதுரை.