'போர்டு போச்சு' என்பதற்கு முன்னால் சேஃப் மோடு பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் என் மகளின் லேப்டாப் மக்கர் பண்ணியது. ஆன் செய்தால் கம்பெனி லோகோ வரும், புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், அப்புறம் நீலத் திரையில் ஒரு சோகமூஞ்சி, பிறகு அதுவே ரீஸ்டார்ட் ஆகி மறுபடி லோகோ, மறுபடி சோகமூஞ்சி. காலேஜ் ப்ராஜெக்ட் மொத்தமும் உள்ளே மாட்டிக்கொண்டதில் அவள் அழாத குறைதான். வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். "போர்டு போச்சு சார், 8,500 ஆகும். இல்லன்னா ஃபார்மட் பண்ணிப் பாக்கலாம், டேட்டாவுக்கு கேரண்டி கிடையாது" என்றார்கள். போர்டு என்றால் மதர்போர்டு, லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் பலகை. செக்கிங் சார்ஜ் 300 ரூபாயைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

எதிர்வீட்டுப் பையன் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா இன்னா அப்டேட் போட்டீங்க அங்கிள்?" என்பதுதான். முந்தைய நாள் ராத்திரி கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரையில் படம் காட்டும் சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், அப்டேட் ஆகியிருந்தது. சோகமூஞ்சிக்குக் கீழே பொடி எழுத்தில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' (கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்) என்று வந்துகொண்டேதான் இருந்தது, கடையில் யாரும் அதைப் படிக்கவில்லை, நானும்தான். லோகோ வரும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான், இப்படி மூன்று தடவை. அதற்குப் பிறகு விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்கு வந்தது. அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐத் தட்டினான். இதுதான் சேஃப் மோடு. கிராபிக்ஸ் கம்பெனியின் டிரைவரைத் தொடாமல், விண்டோஸ் தன்னிடம் இருக்கும் சாதாரண டிஸ்ப்ளே டிரைவரை வைத்தே ஓடும். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, அசிங்கமாக இருந்தாலும் டெஸ்க்டாப் வந்துவிட்டது! லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்ததும் பழைய டிரைவர் திரும்பியது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

சில லேப்டாப்பில் அந்த ரோல் பேக் பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்குமாம். அப்போது டிரைவரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அதே மாடலுக்கு உரியதை இறக்கிப் போட வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால், அதைத் திறக்க 48 இலக்க எண் கேட்கும், அது பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும், முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் சிப்பே நிஜமாகக் கெட்டிருந்தாலும் சேஃப் மோடில் திரை வரலாம் என்பதும் சரிதான், ஆனால் புது டிரைவர் வந்த மறுநாளே படுத்தால் சந்தேகம் முதலில் டிரைவர் மேல்தானே வர வேண்டும்?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் அப்டேட்டில் வந்த ஒரு பழுதான கோப்பால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இப்படித்தான் நீலத் திரையில் நின்றன. அவற்றில் பலவற்றைச் சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழித்துத்தான் எழுப்பினார்கள், யாரும் போர்டு மாற்றவில்லை.

எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள். ஃபார்மட் என்று வாயெடுக்கும் முன், வாடிக்கையாளர் கண்ணெதிரே ஒருமுறை சேஃப் மோடு போட்டுக் காட்டுங்கள். செக்கிங் சார்ஜ் என்று வாங்குவதே அதற்குத்தானே. ப்ராஜெக்ட் வியாழக்கிழமை சப்மிட் ஆகிவிட்டது, அந்த 300 ரூபாய்தான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.