உன் ஆய்வுப் பட்டியலைப் படித்தேன்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ஆய்வுப் பட்டியலை அச்செடுத்து நிதானமாகப் படித்தேன். விண்ணப்பிக்கிற இடத்தில் எல்லாம் "நீங்கள் நோய் எதிர்ப்பு ஆளா, தசை ஆளா?" என்று கேட்கிறார்களாம், அதனால் பாதியை எடுத்துவிடலாமா என்கிறாய். எடுக்காதே. இத்தனை காலம் விலங்கியல் நடத்தியவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன், அந்தப் பட்டியல் முழுக்க ஓடுவது ஒரே கேள்விதான்: அடிபட்ட தசை எப்படி ஆறுகிறது?

தசை அடிபட்டால் சில மணி நேரத்துக்குள் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான நியூட்ரோஃபில் செல்கள் வந்துவிடுகின்றன. பின்னாலேயே மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வகை வெள்ளணு. செத்த நார்களைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. பள்ளிப் பாடம் அதோடு நின்றுவிடும். நீ முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்த கட்டம். தானே புயல் ஓய்ந்ததும் நம் தெருவில் விழுந்த மரங்களை அறுத்தவர்களே அப்புறம் கூரையும் போட்டுக் கொடுத்தார்களே, அப்படி, சுத்தம் செய்ய வந்த மேக்ரோஃபேஜே சில நாளில் குணம் மாறி வீக்கத்தைத் தணித்து, புது நார் வளர உதவுகிறது. எலித் தசையில் 2007இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள்.

தசைப் பக்கத்திலிருந்து பார். தவளையின் தசை நாரை ஒட்டி உறங்கிக் கிடக்கும் சாட்டிலைட் செல்லை 1961இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னவர் அலெக்சாண்டர் மௌரோ. புது நாரைக் கட்டுவது அந்தச் செல்தான். ஆனால் மேக்ரோஃபேஜ் வராமல் தடுத்துவிட்டால் எலித் தசை ஒழுங்காக ஆறுவதில்லை. 2013இல் ஹார்வர்டு ஆய்வகம் ஒன்று, அடிபட்ட தசையில், நோய் எதிர்ப்பு எல்லை மீறாமல் அடக்கி வைக்கும் டி-ரெக் செல்களும் குவிந்து சாட்டிலைட் செல்லுக்கு உதவுவதைக் கண்டது. அதே டி-ரெக் செல்களைப் பற்றிய வேலைக்குத்தான் 2025இல் சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் நோபல் பரிசு. இதில் எங்கே கோடு கிழித்து இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் இல்லை என்பாய்?

இப்படிக் கிருமியைத் தின்னும் செல்களைக் கண்டுசொன்ன மெச்னிகோவும் விலங்கியல்காரர்தான். 1882இல் மெசினாவில் நட்சத்திர மீனின் லார்வாவில் முள்ளைக் குத்திப் பார்த்தார். முள்ளைச் சுற்றிச் செல்கள் கூடின. 1908இல் மருத்துவ நோபல். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும், இப்போது எழுதும்போதும் அப்படித்தான்.

அடுத்த தெருவில், தசை நாளுக்கு நாள் நலிந்துபோகும் டூஷென் என்ற பிறவி நோய் உள்ள பையனை உனக்குத் தெரியும். தசை நாரைக் கிழியாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதம் அவன் உடலில் இல்லை. அதன் ஜீனை 1987இல் கண்டுபிடித்துவிட்டார்கள். புரதம் இல்லாததால் நார் தினமும் கிழிகிறது, துப்புரவு வேலை ஓய்வதே இல்லை, கடைசியில் தசை இருந்த இடத்தில் தழும்பும் கொழுப்பும் சேர்கின்றன. ஜிப்மரில் அவனுக்குத் தரும் ஸ்டீராய்டு ஜீனைச் சரிசெய்வதில்லை. நோய் எதிர்ப்பின் சீற்றத்தை அடக்கி, அவன் நடக்கும் காலத்தை நீட்டிக் கொடுக்கிறது. புதிதாக வந்திருக்கும் ஜீன் சிகிச்சையிலும் ஜீனைச் சுமந்து போகும் வைரஸை உடல் எதிரியாகப் பார்த்துத் தாக்குகிறது. இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் அங்கே வேண்டும். அந்தக் குழந்தைக்காகவாவது உன் பட்டியலைக் குறைக்காதே.

இடையில் இரண்டு வருடம் கட்டுரை வரவில்லை என்று சங்கடப்படுகிறாய். முதுமைத் தசையைப் பார்க்க எலிக்கு வயதாக வேண்டாமா? ஒன்றரை, இரண்டு வருடம் அதற்கே போய்விடும். அதை ஒரு வரியில் எழுதிவிடு, அந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

முன்னுரையில் முதல் பத்தியை மாற்று. துறைப் பெயரில் தொடங்காமல், காயம்பட்ட தசை ஏன் சில உடலில் ஆறுகிறது, சில உடலில் ஆறுவதில்லை என்ற கேள்வியில் தொடங்கு. அதற்குக் கீழே உன் கட்டுரைகளை வருட வரிசையில் அடுக்கு. அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

அப்புறம், அந்தப் பையனின் அம்மா உன்னிடம் பேச ஆசைப்படுகிறாள். ஸ்டீராய்டு எடுக்கும்போது சில தடுப்பூசிகள் போடக்கூடாது என்றார்களாம், ஏன் என்று கேட்கிறாள். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசிகளுக்குத்தான் அந்த எச்சரிக்கை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் விளக்கிச் சொன்னால் அவளுக்குத் தெம்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுக்கு வரச் சொல்கிறேன், அப்போது கூப்பிடு.

உன் அம்மா