ஊக்கக் கொடுப்பனவை அடிப்படைச் சம்பளத்தில் சேருங்கள்

தேயிலைத் தொழிலுக்கான சம்பள நிர்ணய சபையின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

நாட்சம்பளம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இலங்கையின் தேயிலை விளையும் ஹற்றனிலும் பதுளையிலும் நாங்கள் மொத்தத் தொகையையே கேட்கிறோம். அது எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்பதை எங்கள் தொழிற்சங்கங்களும் மேடையில் விரித்துச் சொல்வதில்லை. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான். எஞ்சிய 230 ரூபாய் வருகைக்கும், பறிக்கும் கொழுந்தின் நிறைக்கும், தேயிலை விலையைச் சார்ந்த விலைப்பங்குக்கும் எனப் பிரிக்கப்பட்டது. தொழிலாளியின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமுமாக ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் சேர வேண்டிய பணம் 500 ரூபாய்க்கே கணக்கிடப்பட்டதால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்ந்தது. முழுத் தொகைக்கும் கணக்கிட்டிருந்தால் 146 ரூபாய் சேர்ந்திருக்கும்.

வேலையை விட்டு நீங்கும்போது கிடைக்கும் பணிக்கொடையின் கதையும் இதுவே. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஓர் ஆண்டுச் சேவைக்கு 14 நாள் சம்பளம் உரியது. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவருக்கு அது 420 நாள் சம்பளம் ஆகிறது. நாளுக்கு 230 ரூபாய் கணக்கில் வராவிட்டால் அவருக்குக் குறைவது 96,600 ரூபாய்.

நகரத்தில் சம்பளம் குறைந்தவருக்கும் சில வேளை ஒரு காணித்துண்டு இருக்கும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்று, நிலம் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டபோது, லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளின் காம்பராவில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காம்பராவின் உறுதிப்பத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே, சேமலாப நிதியும் பணிக்கொடையுமே இவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாளில் காணும் ஒரே சொத்து.

2024 செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாயாக வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டதை வரவேற்கிறேன். ஆனால் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாயுடன் 200 ரூபாய் வருகை ஊக்கக் கொடுப்பனவு என்ற பழைய பிரிப்பு மீண்டும் வந்திருக்கிறது. உற்பத்தித்திறனுக்கு ஊக்கம் தேவை என்று கம்பனிகள் வாதிடலாம். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறதே! மழையிலும் வரட்சியிலும் கொழுந்து யார் சொல் கேட்டு வளர்கிறது?

அடுத்த நிர்ணயத்தில் நிரந்தரமாக வழங்கப்படும் ஒவ்வொரு கொடுப்பனவையும் அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்குமாறும், சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கணக்கிடப்பட்டது என்பதைச் சம்பளச் சீட்டில் தமிழில் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர்