சேகருக்கு: பாரிசுக்குக் கிளம்பும் முன் ஹெட்லைட்டைப் பார்

ராயப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மீனாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் இங்கே எல்லோருக்கும் உயிர் வந்தது. மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசை மறுநாளே வடபழனி முருகன் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள் வசந்தா. மாடிப்படி ஏறி இறங்குவதில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று மீனாவிடம் சொல்.

நாங்கள் சௌக்கியம். கடையைப் பிரபுதான் பார்த்துக்கொள்கிறான். நான் சாயங்காலம் போய் உட்காருவதோடு சரி. மெட்ரோ வேலை நடப்பதால் மணிக்கூண்டிலிருந்து மயிலாப்பூர் போய்ச் சேர்வதே பெரிய பாடாக இருக்கிறது. ஜி.பி. ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காதது மட்டும் நீ இருந்தபோது எப்படியோ அப்படியே.

பாரிசில் லா ஷப்பேல் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்கு ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்திலிருந்து உன் காரிலேயே போகப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. கடைசியில் போகிற போக்கில், "ஹெட்லைட்டில் ஏதோ ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமாமே, அதெல்லாம் அவசியமா?" என்று கேட்டிருந்தாய். அவசியம், சேகர். அதை மட்டும் விளக்கமாக எழுதலாம் என்றுதான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன்.

ராத்திரி இருட்டியதும் உன் காரை ஒரு வெள்ளைச் சுவருக்கு நேராக, ஒரு 25 அடி தள்ளி, சமதளத்தில் நிறுத்திவிட்டு டிம்மில் போடு. சுவரில் வெளிச்சமும் இருட்டும் பிரிகிற ஒரு கோடு தெரியும். வலப்பக்கம் அந்தக் கோடு படுக்கையாக இருக்கும். நடுவுக்கு வந்ததும் இடப்பக்கம் மேலே ஏறும், ஏறத்தாழ 15 டிகிரி சாய்வில். சில வண்டிகளில் சாய்வுக்குப் பதிலாகப் படி மாதிரி ஏறும். எங்கள் கடையில் ஃபோகஸ் பார்ப்பதற்கென்று பின் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். பிரபு ஸ்க்ரூவைத் திருகத் திருக அந்த ஏறுகோடு மெல்ல இறங்கி, சாக்பீஸ் கோட்டின் மேல் வந்து உட்காருவதை இப்போதும் நின்று பார்ப்பேன்.

கோடு ஏன் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது? இந்தியாவிலும் இங்கிலாந்திலும் நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிரே வருகிறவன் நமக்கு வலப்பக்கத்தில் வருகிறான். அவன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அந்தப் பக்கம் வெளிச்சத்தைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். இடது ஓரத்தில் நடந்து போகிறவர், சைக்கிள், ஊர்ப்பலகை எல்லாம் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கம் மட்டும் உயர்த்தியிருக்கிறார்கள். ஹெட்லைட்டில் போடுகிற எச்4 ஹாலோஜன் பல்ப் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என்று இரண்டு ஃபிலமென்ட். டிம் ஃபிலமென்ட்டுக்கு அடியில் மட்டும் நகக்கண் அளவில் ஒரு தகரக் கிண்ணம். அதன் ஒரு ஓரத்தைச் சாய்வாக இறக்கி வெட்டியிருப்பார்கள். சுவரில் ஏறுகிற அந்தக் கோடு முழுக்க இந்தச் சின்ன வெட்டிலிருந்து வருவதுதான்.

இதே விளக்கோடு பிரான்சில் கலே பக்கம், காரை ஏற்றி வருகிற ரயிலிலிருந்து இறங்கினாயானால் எல்லாம் தலைகீழ். அங்கே நீ வலப்பக்கம் ஓட்டுவாய், எதிரே வருகிறவன் இடப்பக்கத்தில் வருவான். உன் விளக்கின் உயர்ந்த பகுதி நேராக அவன் முகத்தில் அடிக்கும். நீ ஒழுங்காக டிம்மில்தான் போவாய், ஆனால் அவனுக்கு அது பிரைட் மாதிரிதான் இருக்கும். அதோடு, உன் பக்கத்து வலது ஓரம் இருட்டாகிவிடும். அங்கே ஒருவர் நடந்து போனால் கிட்டத்தில் வரும்வரை உனக்குத் தெரியாது. இரண்டாவது ஆபத்தைப் பலர் யோசிப்பதே இல்லை.

கடைக்கு ஓடுவதற்கு முன் உன் ஹெட்லைட்டுக்கு எதிரே குனிந்து நின்று கண்ணாடியைப் பார். வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். அதை ஒட்டி அம்புக்குறி இருக்கிறதா என்று தேடு. அம்பு உன் வலக்கைப் பக்கம் காட்டினால் அது இடப்பக்கப் போக்குவரத்துக்கு மட்டுமே ஆன விளக்கு. இரண்டு பக்கமும் முனை இருந்தால் இரண்டு வகைச் சாலைக்கும் மாற்றிக்கொள்ளும்படி செய்தது. அம்பே இல்லையென்றால் வலப்பக்க நாட்டுக்கான விளக்கு. அப்புறம் வண்டியோடு வந்த புத்தகத்தில் வெளிநாட்டில் ஓட்டுவதைப் பற்றிய பக்கத்தைப் படி. சில கார்களில் விளக்குக்குப் பின்னால் சின்ன லிவர் இருக்கும், தள்ளினால் போதும். சிலவற்றில் திரையிலேயே 'டிராவல் மோட்' என்று ஒன்று இருக்கும். விலை கூடிய புது வண்டிகள் சிலவற்றில் ஜி.பி.எஸ். பார்த்துத் தானே மாறிக்கொள்ளும்.

இது எதுவும் உன் வண்டியில் இல்லையென்றால் ஸ்டிக்கர்தான். உங்கள் ஊரில் கார் சாமான் விற்கிற கடைகளிலேயே கிடைக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நுணுக்கமாக வரி வரியாக ஓடும். அந்த வரிகள்தான் வெளிச்சத்தைத் திருப்புகின்றன. எந்த மாடலுக்கு எந்த இடத்தில் ஒட்டுவது என்று பெட்டிக்குள்ளேயே படம் போட்ட தாள் இருக்கும். அந்தப் படத்தை விட்டு விலகாதே. ரிஃப்ளெக்டர் விளக்குக்கு ஒரு இடம், முன்னால் உருண்டைக் கண்ணாடி வைத்த புரொஜெக்டருக்கு வேறு இடம். விரல் அகலம் தள்ளி ஒட்டினாலும் பிரயோஜனமில்லை. விளக்கு ஆறியிருக்கும்போது, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு ஒட்டு. ஒட்டியதும் மறுபடி சுவருக்கு முன்னால் நிறுத்திப் பார். இடப்பக்க ஏற்றம் போயிருக்க வேண்டும். பெரும்பாலும் கோடு படுத்துவிடும், வலப்பக்கம் புதிதாக ஏறாது. அதனால் வலது ஓரம் உனக்குப் பழகிய தூரத்துக்குத் தெரியாது, ராத்திரியில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள். திரும்பி வந்ததும் மறக்காமல் உரித்துவிடு. இப்போதைய விளக்குகளின் முகப்பெல்லாம் பிளாஸ்டிக். சூட்டில் பசை இறுகினால் தழும்பு விழும்.

கறுப்பு டேப் ஒட்டினால் ஆகாதா என்று நீ கேட்பாய். நம் ஊரில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஆயிற்றே நாம். கறுப்பு வெளிச்சத்தை மறைக்கும், திருப்பாது. எதிரே வருகிறவனுக்குக் குறைவது போலவே உனக்கும் குறையும். சரியான இடத்தில் சின்னதாக ஒட்டினால் கண் கூசுவது நிற்கும், ஆனால் தெரியாத ஊரில் அரைகுறை வெளிச்சத்தில் நீ ஓட்டுவதை நான் விரும்பவில்லை.

இந்த விளக்கு விஷயம் ஒரு நாட்டையே அவசரப்படுத்தியிருக்கிறது, தெரியுமா? ஸ்வீடனில் 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு எல்லா வண்டிகளும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. 1955-இல் மக்களைக் கேட்டபோது 100-க்கு 83 பேர் வேண்டாம் என்றவர்கள். அரசாங்கம் ஆனாலும் தள்ளிப்போடவில்லை. அதற்கு ஒரு காரணம் ஹெட்லைட். அப்போது பெரும்பாலான கார்களில் ஒரே அளவு வட்ட விளக்கு, விலை மலிவு, கழற்றி மாட்டிவிடலாம். மாடலுக்கு மாடல் தனி விளக்கு என்ற பழக்கம் பரவ ஆரம்பித்திருந்தது. இன்னும் தாமதித்தால் கார் வைத்திருப்பவன் தலையில் பெரிய செலவு விழும் என்று கணக்குப் போட்டார்கள். பர்மாவில் 1970-இல் வலப்பக்கம் மாறினார்கள். அப்புறமும் ஜப்பானிலிருந்து, இடப்பக்கம் ஓட்டுவதற்கென்று செய்த பழைய கார்கள்தான் அங்கே வந்து குவிந்தன. அந்த விளக்குகளோடு ராத்திரி எதிரெதிரே ஓட்டியவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் கார்களிலேயே இடப்பக்கம் ஓட்டுகிற தென்னாப்பிரிக்காவுக்குப் போவதற்கு ஒரு விளக்கு, வலப்பக்கம் ஓட்டுகிற மெக்சிகோவுக்குப் போவதற்கு வேறு விளக்கு. அவ்வளவு பார்த்துச் செய்கிற ஊர் இது. இதே ஊரில் ராத்திரி ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்ப் பார், டிம் செய்கிறவனைத் தேட வேண்டும். இதில் ஹாலோஜன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகிக்கொள்வது வேறு. அந்த ரிஃப்ளெக்டர் அந்த பல்புக்காக வார்த்ததே இல்லை. சுவரில் அடித்துப் பார்த்தால் கோடே இருக்காது, வெளிச்சம் கண்டபடி சிதறிக் கிடக்கும். எதிரே மனைவி குழந்தையோடு ஸ்கூட்டரில் வருகிறவன் அந்த நொடியில் சாலையையே பார்க்க முடியாமல் தவிக்கிறான். அதைப் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் பிரபு முடியாது என்று சொல்லிவிடுகிறான். வியாபாரம் போகிறதே என்று அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

இன்னொன்று. கலேயிலிருந்து பாரிஸ் போகிற நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி இடப்பக்கம் இருக்கும். நீ வலப்பக்கம் உட்கார்ந்திருப்பாய், காசு கட்டுவது மீனாவின் வேலை. முட்டிக்கு அவள் அடிக்கடி இறங்கி நடக்க வேண்டும், வழியில் நிறுத்தி நிறுத்திப் போ. ஒளிரும் மேல்சட்டையும் முக்கோணப் பலகையும் பிரான்சில் காரில் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். சட்டையை டிக்கியில் போடாமல் கைக்கு எட்டும் இடத்தில் வை.

உன் கார் எந்த மாடல், எந்த வருஷம் என்று நீ எழுதவே இல்லை. ஹெட்லைட் முகப்பில் அந்த அம்புக்குறி தெரிகிற மாதிரி ஒரு படமும், சுவரில் விழுகிற வெளிச்சத்தை ஒரு படமும் எடுத்துப் பிரபுவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு. ஸ்டிக்கர் தேவையா, லிவர் இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
ராஜு