சாயங்காலம் ஐ.டி.ஐ. பட்டறையைத் திறந்துவிடுங்கள்

தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இருபத்தாறு வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நான் எந்த ஐ.டி.ஐ.யிலும் படித்தவன் இல்லை. ஒரு மாஸ்டரிடம் சேர்ந்தேன். முதல் வருடம் மண்ணெண்ணெயில் செயின் கழுவியே போனது. அப்புறம்தான் ஸ்பேனர் கைக்கு வந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே ஐடிலிங் சத்தத்தைக் கேட்டு, எங்கே நிறுத்துவது என்று காதுக்குப் பிடிபட இன்னொரு வருடம். அந்தப் படிப்புதான் இத்தனை நாள் சோறு போட்டது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் பெட்டி சொல்கிற அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதற்கு முந்தின வருடமே 125 சி.சி.க்கு மேல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த வண்டிகள் வாரண்டி முடிந்து இப்போது எங்கள் ரோட்டோரக் கடைகளுக்கு வருகின்றன.

போன மாதம் ஸ்டார்ட் ஆகாத வண்டி ஒன்று வந்தது. கடைப் பையன் பிளக்கைக் கழற்றித் தேய்த்தான், பெட்ரோலைப் பார்த்தான், கிக் அடித்து ஓய்ந்தான். சாவியைத் திருப்பியதும் டேங்க்குக்குள் பம்பு இரண்டு மூன்று விநாடி ‘உய்ங்’ என்று ஓட வேண்டும். ஓடவில்லை. பேட்டரி வீக். பழைய வண்டி பேட்டரி செத்தாலும் உதைத்தால் கிளம்பும். இதில் பம்பு ஓடாமல் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. அது தெரியாமல், ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பை எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் ஒயரில் வைத்துவிட்டான். பெட்டி போச்சு. பேட்டரியோடு முடிய வேண்டிய வேலைக்கு என் கைக்காசில் புதுப் பெட்டி. அவனை நன்றாகத் திட்டினேன். ராத்திரி படுத்தபின்தான் உறைத்தது: மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைப் பிடிக்க நான் அவனுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. எனக்கே அது அரைகுறை.

டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ரூ.2,877 கோடியில் புதுப்பித்திருக்கிறீர்கள். ஓசூர், ஒரகடம் ஃபேக்டரிகளுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நல்லது. அங்கே செய்த வண்டி நின்றுபோனால் பிரித்துப் பார்க்கிறவன் எங்கே படிப்பான்? மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம், அதுவும் பகலில். என் கடைப் பையன் சம்பளத்தில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, சரி. தெரிந்ததற்குத் தாள் கிடைக்கும். தெரியாததை யார் சொல்லித் தருவது?

கேட்பது பெரிதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தப் பட்டறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. வாரம் மூன்று நாள், இரண்டு மணி நேரம், கடைகளில் வேலை பார்க்கிற, பதினெட்டு வயது நிரம்பிய பையன்களுக்குத் திறந்துவிடுங்கள். (என் காலத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை டீ வாங்க அனுப்பி மெக்கானிக் ஆக்கினோம். அது தப்பு, திரும்ப வரக் கூடாது.) ஒயரிங் படம் படிப்பது, மீட்டரில் எரியும் இன்ஜின் விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணிக் கோளாறைக் கண்டுபிடிப்பது, ஏ.பி.எஸ். பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியே எடுப்பது, மின்சார ஸ்கூட்டரில் கை வைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிப்பது, இதெல்லாம் தமிழில், வண்டியைப் பிரித்துவைத்து நடக்கட்டும். கட்டணத்தில் பாதியை முதலாளிகள் நாங்கள் தருகிறோம்.

சொல்லித்தர ஆள் போதவில்லையென்றால் இன்ஜின் பிரிக்கும் பாடத்துக்கு எங்களைக் கூப்பிடுங்கள், சும்மாவே வருகிறோம். மல்டிமீட்டர் பாடத்தன்று மட்டும் நானும் பையன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக் ஒருவன்,
விழுப்புரம் மாவட்டம்.